பெட்டியை மாட்டிச் சோதியுங்கள்: பிரிட்டிஷ் காவல் படைகளுக்கு ஒரு திறந்த மடல்

காவல் படைத் தலைவர்களின் அமைப்பான, மதிப்பிற்குரிய நேஷனல் போலீஸ் சீஃப்ஸ் கவுன்சிலுக்கும், இங்கிலாந்து, வேல்ஸின் 43 காவல் படைகளில் வாகனம் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் விலைபேசி வாங்குகிற பைக் வேறு, பெட்டியும் ரேடியோவும் மாட்டி மோட்டார்வேக்கு, அதாவது அதிவேக நெடுஞ்சாலைக்கு, அனுப்புகிற பைக் வேறு. மாடல் ஒன்று, எஞ்சின் ஒன்று, ஆவணத்தில் பெயரும் ஒன்று. ஆனால் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இரண்டும் ஒரே மாதிரி நிலைத்து ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பகலில் பைக் பட்டறையில் வேலை. முறை வரும் இரவுகளில், மருத்துவமனைகளுக்கு இரத்தமும் பரிசோதனை மாதிரிகளும் கொண்டுபோகும் தன்னார்வக் குழுவில் ஓட்டுகிறேன். இப்படிப்பட்ட குழுக்களில் ஓடும் வண்டிகளில் பல, நீங்கள் ஓட்டி முடித்து ஏலத்தில் விட்டவை: ஹோண்டா எஸ்டி1300, யமஹா எஃப்ஜேஆர்1300, பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டி. அதனால் உங்கள் வண்டிகளின் உடம்பு எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்த மடலின் ஆங்கிலப் படியை முறைப்படி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், இந்த நாட்டில் காவல் பணியிலும் பட்டறைகளிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், பழைய காவல் பைக் வாங்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும்.

2005-ல் மெர்சிசைட் காவல் படையைச் சேர்ந்த ஒரு காவலர் எஸ்டி1300 ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். 2007-ல் நடந்த மரண விசாரணையில் அந்த பைக்கின் அதிவேக நெளிவு பெரிய கேள்வியாக எழுந்தது. அதையொட்டிப் பல படைகள் அந்த மாடலைப் பணியிலிருந்து விலக்கின. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்போது பொதுவெளியில் நடந்த விவாதம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது: “அது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா?” இந்தக் கேள்வியே தவறு என்று நினைக்கிறேன். 2002-ல் சந்தைக்கு வந்த அந்த 1261 சிசி வண்டியை ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் வாங்கினார்கள். ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள், இன்றும் பலர் அதை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள். காவல் படைகள் ஒதுக்கிய பிறகும் அது சில ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. அந்த மக்கள் சொன்னதும் பொய்யில்லை, காவலர்கள் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் ஓட்டியது ஒரே வண்டியை அல்ல, அவ்வளவுதான்.

நெளிவு என்றால் என்ன என்பதைத் தமிழ் வாசகர்களுக்காக இங்கே நிறுத்திச் சொல்கிறேன். பைக் ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வொபிள். ஹேண்டில்பார் மட்டும் வெடவெடவென்று நடுங்கும், வினாடிக்கு ஏழெட்டு முறை. சீட்டுக்குப் பின்னால் டாப் பாக்ஸ் என்ற பெட்டி மாட்டிய வண்டியில் 60, 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, கையையும் எடுத்தால் பல பேருக்கு இது தெரிந்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் கையை வைத்தால் நின்றுவிடும். இன்னொன்று வீவ், நான் நெளிவு என்று சொல்வது இதைத்தான். இதில் வண்டி மொத்தமும் நெளியும். பின்பக்கம் ஒருபுறம் போகும், முன்சக்கரம் தானாகத் திரும்பும், வண்டி சாயும், உடனே மறுபுறம். வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான். மெதுவாக நடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் முந்நூறு கிலோ இரும்பு அப்படி நெளியும்போது பிடித்து நிறுத்த ஒரு மனிதனின் கை போதாது. பிடித்து நிறுத்தப் பார்த்தால், கையின் இறுக்கமே அந்த ஆட்டத்துக்குத் தீனி போடும்.

எல்லா பைக்குகளிலும் இந்த நெளிவு உள்ளே ஒளிந்திருக்கிறது. லாரிக் காற்றோ சாலை மூட்டோ தட்டிவிட்டால் தொடங்கும், குறைந்த வேகத்தில் தானாக அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவதற்கு ஆகும் நேரமும் கூடும். ஒரு கட்டத்தில் அடங்காமலேயே ஓடும். அதையும் தாண்டினால் ஒவ்வொரு நெளிவும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்தக் கட்டம் எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் எல்லாம். நல்ல வடிவமைப்பில் அது வண்டியின் உச்ச வேகத்துக்கு அப்பால் இருக்கும். சில விஷயங்கள் அதைக் கீழே இழுத்துவரும். அவற்றில் முதலாவது, பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் எடை.

இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1971-லேயே ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் மோட்டார் சைக்கிளின் நிலைத்தன்மை பற்றிய தன் கட்டுரையில் இந்த ஆட்டங்களைப் பிரித்துக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அதே கட்டுரையிலிருந்து பட்டறைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் கிடைக்கிறது: ஹேண்டில்பாரின் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மாட்டினால் வொபிள் குறையும், ஆனால் அதிவேக நெளிவு இன்னும் மோசமாகலாம். “ஆடுதா? ஒரு டாம்பரைப் போடு” என்று சொல்கிற மெக்கானிக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் பட்டறைகளில் அதைச் செய்யவிடாதீர்கள்.

இப்போது உங்கள் பைக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பெட்டிகள். பின்னிருக்கைக்கு மேலும் அதற்குப் பின்னாலும் ரேடியோ, அதற்கான மின்கருவிகள், சில வண்டிகளில் கேமரா பதிவுக் கருவி. அதற்கும் பின்னால் நீல விளக்குக் கம்பம். பெட்டிக்குள் முதலுதவிப் பை, மடக்குக் கூம்புகள், எச்சரிக்கைப் பலகை, வேகம் அளக்கும் கருவி, மழைச்சட்டை. முன்னால் பெரிய கண்ணாடி, பல வண்டிகளில் பட்டனை அழுத்தினால் உயரும் வகை. அதை உயர்த்தினால் காற்று முன்சக்கரத்தின் மேல் அழுத்தும் விதமே மாறும். ஓட்டுபவர் மேல் தடித்த பாதுகாப்பு உடை. இந்த ஒவ்வொன்றும் தேவையானதுதான், நான் எதையும் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் எடையில் பெரும்பகுதி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? பின்னால், மேலே. நெளிவுக்குப் பிடித்த இடம் அதுதான்.

சாதாரண ஆள் வாங்கும் டூரிங் பைக்கின் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றாதே, பெட்டியோடு இத்தனை வேகத்தைத் தாண்டாதே. பல தயாரிப்பாளர்கள் 130 கி.மீ. என்று போடுவார்கள், சிலர் 120. வேண்டாத வழக்கு வரக்கூடாது என்று எழுதியதாகவே பலரும் அதை நினைக்கிறார்கள். ஓரளவு அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் மேலே சொன்ன இயற்பியலும் இருக்கிறது. சுற்றுலா போகும் குடும்பத்துக்கு 130. அதே இடத்தில் அதைவிடக் கனமான சாமானைப் பூட்டிக்கொண்டு, சட்டம் தரும் வேக விலக்கோடு, 112 கி.மீ. வரம்புள்ள மோட்டார்வேயில் அதற்கு வெகுமேலே விரட்டிப் போகும் காவலருக்கு? அவருக்கான எண்ணை யார் அளந்தது, எந்தத் தடத்தில், எந்தப் பெட்டிகளோடு? ஒவ்வொரு படையும் தன் வண்டி ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

டயர் விஷயம் தனிக் கதை. மோட்டார்வேயில் நேராகவே ஓடும் வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேயும். வட்டமாக இருந்த டயர் தட்டையாகிவிடும், வண்டி சாயும்போது அதன் விளிம்பில் ஏறி இறங்கும். முன் டயர் குழி குழியாகத் தேயும். இந்த நாட்டுச் சட்டப்படி பெரிய பைக்குக்கு டயர் பள்ளம் 1 மி.மீ. இருந்தால் போதும். அந்த 1 மி.மீ. மழைத் தண்ணீரை விலக்குவதற்கான கணக்கு. நெளிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாதி தேய்ந்த டயர் சட்டப்படி நல்ல டயர், 190 கி.மீ. வேகத்தில் அது நல்ல டயராக இல்லாமல் போகலாம். காற்றழுத்தம் குறைந்திருந்தாலும் அதே கதி. ஸ்டீயரிங் பேரிங், நம்ம ஊர் மெக்கானிக் கோன் செட் என்பாரே அது, கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஸ்விங் ஆர்ம் பேரிங், பின் ஷாக் அப்சார்பர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சகித்துக்கொள்ளக்கூடிய தேய்மானம்தான். மூன்று சேர்ந்தால், அதோடு பெட்டியும் சேர்ந்தால்?

சோதனை ஓட்டத்துக்கு வரும் வண்டி புதிது, டயர் புதிது, பல நேரம் பெட்டி காலி. அதில் பிரேக் தூரமும் முடுக்கமும் அளந்து அறிக்கை எழுதுவதில் தவறில்லை, ஆனால் அது போதாது. மில்புரூக் மாதிரி மூடிய சோதனைத் தளம் இந்த நாட்டில் இருக்கிறது. அங்கே வண்டியை முழுச் சாமானோடு, பாதி தேய்ந்த டயரோடு கொண்டுபோங்கள். கண்ணாடியை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை. நேர்ச்சாலையில் மட்டும் போதாது, நீண்ட வேக வளைவிலும் ஓட்டுங்கள், ஏனென்றால் சாய்ந்திருக்கும்போது சாலையின் மேடுபள்ளம் நேராக நெளிவுக்குள் போய்ச் சேரும். தேர்ந்த சோதனை ஓட்டுநர் ஹேண்டில்பாரை லேசாகத் தட்டிவிடட்டும், ஆட்டம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி அதையே செய்யுங்கள். வினாடிக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் ஆட்டத்தை அளக்க, செல்போனுக்குள் இருக்கும் சென்சார் வகையே போதும். இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடங்கும் நேரம் எந்த வேகத்தில் நீள ஆரம்பிக்கிறதோ, அதற்குக் கீழே ஒரு எண்ணை வைத்து அந்த வண்டிக்கு வரம்பு போடுங்கள். வரம்பு 170 என்று வந்தால் 170. துரத்துவதற்குக் கார் இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது.

“எங்கள் ஓட்டுநர்கள் உயர்பயிற்சி பெற்றவர்கள்” என்று பதில் வரும் என்று தெரியும். உண்மைதான். இந்த நாட்டுக் காவல் பைக் பயிற்சியை நானும் மதிக்கிறேன், எங்கள் தன்னார்வலர்கள் அதிலிருந்துதான் பாதி கற்றுக்கொண்டார்கள். ஆனால் நல்ல ஓட்டுநர்தான் இந்தக் குறையை அதிகம் மறைக்கிறவர். வண்டி லேசாக நெளிந்தால் கையைத் தளர்த்துவார், உடம்பை முன்னால் சாய்ப்பார், ஆக்சிலரேட்டரை மெல்ல விடுவார், சரியாகிவிடும். காற்று என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அடுத்த வாரம் அந்த வண்டியை இன்னொருவர் எடுப்பார். அவரும் அதையே நினைப்பார். பென்னைன் மலைமேல் எம்62 மோட்டார்வேயில் ஓட்டுகிறவருக்குக் காற்றைச் சந்தேகிக்க எல்லா நியாயமும் இருக்கிறது. இப்படி ஒரே குறையைப் பத்துப் பேர் பத்துக் காற்றாகப் புரிந்துகொண்டால், அது எங்கேயும் பதிவாகாது. பதிவாகும் முதல் தடவை விபத்தாக இருக்கும். அப்போது கோப்பில் முதலில் எழுதப்படுவது “ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்” என்பது. கட்டுப்பாட்டை இழந்தது சரிதான், எதனால் இழந்தார் என்ற அடுத்த வரி வேண்டாமா?

அதனால் நெளிவு என்ற சொல்லுக்கு வண்டிப் புத்தகத்தில் ஒரு தனிக் கட்டம் வேண்டும். எந்த வேகம், எவ்வளவு சாமான், டயர் எத்தனை மைல் ஓடியது, கண்ணாடி மேலேயா கீழேயா, முன்னால் லாரி இருந்ததா. ஐந்து கேள்வி, ஒரு நிமிட வேலை. புகார் செய்தவரைப் பயந்தவர் என்று யாரும் கேலி செய்யாதபடி மேலதிகாரி பார்த்துக்கொள்ள வேண்டும். பைக் ஓட்டுகிற ஆட்களின் கூட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், அந்தக் கட்டத்தை ஒரு படை மட்டும் படித்தால் பயனில்லை. 2020 ஜனவரியில் கம்ப்ரியாவில், எம்6 மோட்டார்வேயில் கார்லைல் அருகே, ஒரு காவல் காரின் எஞ்சின் பழுதாகித் தீப்பிடித்து ஒரு காவலர் இறந்தார். அது பைக் இல்லை, நெளிவும் இல்லை. ஆனால் அதே வகை எஞ்சினில் மற்றப் படைகளின் கார்களும் அதற்கு முன்பே தீப்பிடித்திருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தது. ஒரு படைக்குத் தெரிந்தது அடுத்த படைக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. மரண விசாரணை அதிகாரி எதிர்கால மரணங்களைத் தடுக்கும் அறிக்கை அனுப்பினால், நீங்கள் 56 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது தொடங்குவதற்கு ஒருவர் இறந்திருக்க வேண்டும். வாகனக் கொள்முதலை ஒருங்கிணைக்க இப்போது ப்ளூலைட் கமர்ஷியல் என்ற நிறுவனம் இருக்கிறது. 43 படைகளின் நெளிவுப் பதிவும் ஒரே இடத்துக்கு வர, அதை மாதம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து படிக்க, அங்கே ஒரு மேசை போதும்.

தயாரிப்பாளர்களையும் இதில் விட்டுவிட முடியாது. 2014 கோடையில் பிஎம்டபிள்யூ தன் புதிய ஆர்1200ஆர்டி வண்டிகளின் பின் ஷாக் அப்சார்பர் தண்டு உடையலாம் என்று தெரிந்ததும், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று உலகம் முழுக்க உரிமையாளர்களிடம் சொன்னது. கோடைக்காலம், எல்லோரும் பயணம் கிளம்பும் நேரம், எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொன்னார்கள், அதுதான் முக்கியம். உடைகிற தண்டைக் கையில் எடுத்துக் காட்டலாம், அதனால் சொல்வது சுலபம். நெளிவைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. வண்டியை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அமெரிக்காவில் ஹார்லி காவல் பைக்குகளைப் பற்றி இதே மாதிரிப் புகார்கள் எழுந்தபோதும் வாதம் இங்கேதான் சிக்கியது: எந்தப் பாகம் பழுது என்று காட்டு. எந்தப் பாகமும் பழுதில்லாமலே ஒரு வண்டி நெளியலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். “நாங்கள் பூட்டப்போகும் சாமான் இது, எடை இது, இடம் இது. இதோடு இந்த வேகம்வரை ஆட்டம் இத்தனை வினாடிக்குள் அடங்கும் என்று அளந்து, கையெழுத்துப் போட்டுத் தா.” தர முடியாது என்று சொல்கிற கம்பெனியிடமிருந்தும் நமக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. 1997-ல் வந்த காவல்துறை உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, பணியிடப் பாதுகாப்பைப் பொறுத்தவரை காவலரும் ஒரு தொழிலாளிதான். அவருடைய பணியிடம் அந்தச் சீட்டு. தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்துக்குப் புதிதாக ஒரு பாகத்தை மாட்டினால் மறுபடி பாதுகாப்பு ஆய்வு செய்யச் சொல்வீர்கள். பைக்கில் புதிதாக ரேடியோப் பெட்டி மாட்டியபோது செய்தீர்களா?

கடைசியாக, ஏலம். நீங்கள் விற்கும் வண்டி, விளக்கும் ரேடியோவும் கழற்றிய பிறகு எங்கள் மாதிரிக் குழுக்களுக்கோ தனி ஆட்களுக்கோ வருகிறது. பெட்டியைத் தாங்கிய சட்டகம் பல நேரம் வண்டியிலேயே இருக்கும். அதில் நாங்கள் எங்கள் பெட்டியை மாட்டுகிறோம், இரத்தப் பெட்டியும் பின்னால்தான் உட்காரும். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பழைய காவல் பைக்கில் ஸ்டீயரிங் பேரிங்கை மாற்றிய தேதி இருந்தது, ஏன் மாற்றினார்கள் என்பது இல்லை. தேய்ந்ததாலா, ஓட்டியவர் ஏதாவது சொன்னதாலா? விற்ற இடத்தில் கேட்டோம், கோப்பு தங்களிடம் வரவில்லை என்றார்கள். காவலர் பெயர், பணி விவரம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். வண்டியின் பராமரிப்புப் பதிவும், நெளிவுப் பதிவு இருந்தால் அதுவும், சாவியோடு சேர்ந்து வரட்டும். அடுத்த கொள்முதல் ஒப்பந்தம் வரை காத்திருக்காமல் அடுத்த ஏலத்திலேயே இதைத் தொடங்கலாம்.

சோதனைக்கு ஒரு பழைய வண்டி தேவைப்பட்டால் சொல்லுங்கள். எங்களிடம் இருக்கிறது, பெட்டியோடு கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பைக் பட்டறைத் தொழிலாளி, இரத்த பைக் தன்னார்வலர்,
தென்கிழக்கு இங்கிலாந்து